செங்கொடியும் வேண்டும், அவளுக்கு நியாயமும் வேண்டும்: நான் எங்கே போவது?

பந்தலூர் தையல்காரி கேட்கிறார்:

எனக்கு 46 வயது. பந்தலூர் பக்கம் ஒரு சின்ன பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நேரில் உட்கார்ந்து பேச எனக்கு இப்போது ஆள் இல்லை.

அம்மாவும் அப்பாவும் 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். இலங்கை 1948இல் போட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத்தில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்களில் என் வீட்டாரும் உண்டு. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்தான் அவர்களை இந்தப் பக்கம் அனுப்பியது. மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். ரேஷன் கார்டு கிடைப்பதற்கு முன்பே அப்பா சங்க ரசீது வாங்கிவிட்டார். அந்த ரசீதை அம்மா இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். லைன் வீட்டில் எங்கள் ஜன்னலுக்கு நேரே கொடிமரம். நான் நடை பழகியதே அதைப் பிடித்துக்கொண்டுதான் என்று அம்மா சொல்வார்.

பதினேழு வருஷம் உறுப்பினராக இருந்தேன். பெண்கள் பக்கத்துப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை. இந்த மலையில் இருப்பவர்களுக்குக் கொடியின் நிறம் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கெட் அளவு கொடுக்க ஒரு பெண் வந்தாள். தோட்டத்தில் தற்காலிகத் தொழிலாளி. டேப்பைத் தோளில் வைத்ததும் உடம்பெல்லாம் விறைத்துப்போய் நின்றாள். கடைக் கதவைச் சாத்திவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். அப்புறம் சொன்னாள். எங்கள் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் ஒருவர், அதே தோட்டத்தில் வேலை பார்ப்பவர், நிரந்தரப் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி அவளை ஸ்டோருக்குப் பின்பக்கம் வரச் சொல்லியிருக்கிறார். நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை கொடுப்பது தடுமாற ஆரம்பித்தது.

நான் கமிட்டியில் வைத்தேன். ஆறு ஆண்கள், நான் ஒருத்தி. முதலில் கேட்டது, "இதை வேறு யாரிடம் சொன்னீர்கள்?" அடுத்தது, "அவள் எந்தச் சங்கம்?" அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போனஸ் பேச்சுவார்த்தை நடக்கிற நேரம், நிர்வாகம் இதைப் பிடித்துக்கொண்டு நம்மை உடைக்கும் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடைசியில், "நீங்களே அவளிடம் பேசி முடித்துவிடுங்கள் தோழர், பெண்ணுக்குப் பெண் சொன்னால் கேட்பாள்" என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இந்த வருஷம் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கவில்லை.

இது ஒரு நாளில் வந்த கோபம் இல்லை. எங்கள் கிளைக் கூட்டம் எப்போதும் மாலை ஆறரைக்கு. கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வீடு வந்து சேரவே ஐந்தரை ஆகும். அடுப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு மேல் வழியில் யானை நிற்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை. "பெண்கள் முன்வருவதில்லை" என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் ஜீப்பில் வீட்டுக்குப் போகிறவர்கள்.

கோரிக்கை மனுவும் அப்படித்தான். கூலி, போனஸ், லைன் வீட்டுக் கூரை, இதெல்லாம் முன்னால். மலைச்சரிவில் பெண்களுக்குக் கழிப்பறை என்பது கடைசிக்கு முந்தின வரி. பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்த வரியைத்தான். ஒன்பது வருஷம் நான் காலையில் தண்ணீர் குடிக்காமல் மலைக்குப் போயிருக்கிறேன். என்னோடு நிரையில் நின்ற எல்லோரும் அப்படித்தான். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் கூட்டத்தில் இல்லை.

சரி, வேறு எங்கே போவது?

2021இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க.காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். 2023இல் அவர்கள் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் என் அண்ணிக்குக் கிடைத்தது. இலவச பஸ் 2021இல் தொடங்கியபோது எங்கள் மலைக்கு இல்லை, 2024 பட்ஜெட்டில்தான் மலைப்பகுதிகளுக்கும் என்று அறிவித்தார்கள். இதையெல்லாம் இலவசம் என்று மட்டமாகப் பேசிய தோழர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் 2022இல் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவு போட்டதும் அதே அரசுதான். தாயகம் திரும்பிய எங்கள் சனங்கள் அன்று நடுங்கிப்போனார்கள். எங்களோடு தெருவில் செங்கொடி நின்றது. நான் எதை மறப்பது?

இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். பெண்கள் பாதுகாப்புதான் எங்கள் முதல் வேலை, உங்களைப் போன்றவர்கள் வேண்டும் என்றார்கள். அவர்கள் கூட்டத்தில் ஒருமுறை நின்று கேட்டேன். நம் பெண் யாரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். என் கடையில் துணி தைக்க வரும் முஸ்லிம் பெண்களின் முகத்தை அதற்குப் பிறகு நான் எப்படிப் பார்ப்பேன்?

உதகையில் ஒரு தொண்டு நிறுவனப் பயிற்சிக்கும் போனேன். நல்ல மனிதர்கள். கூலியைப் பற்றிப் பேச்செடுத்தேன். அது அரசியல், இங்கே வேண்டாம் என்றார்கள்.

என் மகள் அடுத்த தேர்தலில் முதல் ஓட்டுப் போடப் போகிறாள். "யாருக்கும்மா போடறது?" என்று கேட்டாள். என் அம்மா என்னிடம் ஒரு நொடியில் பதில் சொன்ன கேள்வி அது. எனக்குப் பதில் வரவில்லை. இப்படி நின்றவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

குன்னூர் பழைய தோழர்:

தோழர், வயது எழுபத்தொன்று எனக்கு. தேயிலை ஃபேக்டரியில் 34 வருஷம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். கோபம் நியாயம். ஆனால் போகாதீர்கள்.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் சந்தன மரம் தேடுகிறோம் என்று அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் புகுந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதிகாரிகள் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார்கள். யார் விடாமல் பிடித்தது? செங்கொடிச் சங்கம்தான். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம், தோழர். வேறு எந்தக் கட்சி ஏழைப் பெண்ணுக்காக இவ்வளவு காலம் நிற்கும்?

மேலேயும் சண்டை நடந்துதான் இருக்கிறது. 1998இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கொல்கத்தா மாநாட்டில், தலைமையில் பெண்கள் போதவில்லை என்று பிருந்தா காரத் மத்தியக் குழுவில் இடம் வேண்டாம் என்றார். 2005இல் அவர்தான் அரசியல் தலைமைக் குழுவின் முதல் பெண். உள்ளே இருந்து போராடினால்தான் மாறும். வெளியே போனால் அந்த ஆறு பேருக்கு நிம்மதி.

பந்தலூர் தையல்காரி:

தோழர், வாச்சாத்தி எனக்கு மனப்பாடம். தீர்ப்பு வந்த நாள் பஜாரில் மிட்டாய் கொடுத்தவள் நான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

வாச்சாத்தியில் தவறு செய்தவர்கள் வெளியே இருந்தார்கள், சீருடை போட்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நம் ஆட்கள் சிங்கம்தான். அதே தவறு நம் கமிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது? அன்று வாச்சாத்திப் பெண்களிடம் அதிகாரிகள் கேட்ட மாதிரிதான் இவளைப் பற்றி நம் தோழர்கள் கேட்டார்கள். நேரில் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிருந்தா காரத் எதிர்த்து நின்றதையும் படித்திருக்கிறேன். அது மாநாடு, நாடு முழுக்கச் செய்தி. எங்கள் கமிட்டியில் ஒரு பெண் எழுந்து வந்தால் அடுத்த வாரம் நாற்காலியை எடுத்து ஓரமாக வைப்பார்கள். உள்ளே இருந்து போராடு என்பதை நான் ஏற்கிறேன். பதினேழு வருஷம் அதைத்தான் செய்தேன். இந்தப் பெண்ணை வாய் மூடச் சொல்வதுதான் உள்ளே இருப்பதற்கு விலை என்றால் அதை நான் கொடுக்க முடியாது.

கோத்தகிரி ஹட்டிக்காரி:

அக்கா, நான் படுகர். கோத்தகிரி பக்கம், இரண்டு ஏக்கருக்குள் தேயிலை. உங்களுக்காவது ஒரு வீடு இருந்து போய்விட்டது. எனக்கு அரசியலில் வீடே இருந்ததில்லை, அதனால் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989லேயே சட்டம் வந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2005இல்தான் அதைச் செய்தது. நான் அப்பாவின் தோட்டத்தில் என் பங்கைக் கேட்டபோது அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். ஊரில் பேசி வைக்கலாம் என்று பெரியவர்கள் கூடினார்கள். அதில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. தேர்தலில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காதவர்கள், அன்று ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே மாதிரி பேசினார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கேட்டு அவ்வளவு அழகாகப் பேசும் இடதுசாரி அண்ணன் ஒருவர், "குடும்பத்தை உடைக்காதம்மா" என்றார். அவர் வீட்டிலும் தங்கைக்குப் பங்கு கொடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதிலிருந்து நான் கொடியைப் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை. ஆளைப் பார்க்கிறேன். இரண்டு தடவை நோட்டாவும் அழுத்தினேன். 2021இல் சட்டமன்றத்துக்குப் போன 234 பேரில் பெண்கள் 12. இடதுசாரிகளுக்குக் கிடைத்த நான்கு இடங்களிலும் ஆண்கள்தான். நாம் தேடும் கட்சி அந்த லிஸ்ட்டில் இல்லை அக்கா.

கேரளத்து மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களைப் போலத் தனியாக நிற்க முடியாதா? 2015இல் பெம்பிளை ஒருமை என்று ஆயிரக்கணக்கான பெண்கள் எல்லாச் சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்களே. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், உங்களைப் போலக் கொழுந்து பறித்தவர்கள்.

பந்தலூர் தையல்காரி:

தங்கச்சி, தப்பாக எடுக்கவில்லை. உன் பங்கை விடாதே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூணாறு போராட்டம் நடந்த ஒன்பது நாளும் என் கடையில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஊசியைத் தொடவில்லை. போனஸைக் குறைத்ததற்கு எதிராகத் தொடங்கியது, 20 சதவீதம் வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். கேரளத்தின் முன்னாள் முதல்வர், மார்க்சிஸ்ட் தலைவர் அச்சுதானந்தன் அந்த வயதில் வந்து அவர்களோடு உட்கார்ந்தபோது நான் அழுதேன். இந்தக் கட்சி இப்படியும் இருக்க முடியும் என்று அன்று நினைத்தேன். உள்ளாட்சித் தேர்தலிலும் சில இடங்களில் ஜெயித்தார்கள். ஆனால் அப்புறம் உள்ளேயே பிளவு, ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். வருஷம் முழுக்கக் கோர்ட்டுக்கும் லேபர் ஆபீசுக்கும் நடக்க ஒரு அமைப்பு வேண்டியிருக்கிறது. ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவதும் எனக்குப் போதவில்லை. தனி ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கிராஜுவிட்டி வாங்கித் தர மாட்டார். சங்கம்தான் வாங்கித் தரும். என் அப்பாவுக்கு வாங்கித் தந்தது. என் சிக்கலே அதுதான்.

கொடைக்கானல் வழக்கறிஞர்:

அரசியல் பேச்சை மற்றவர்கள் பார்க்கட்டும். நான் அவசரமான ஒன்றைச் சொல்ல வந்தேன். கொடைக்கானலில் ரிசார்ட் ஊழியர்கள், காபித் தோட்டப் பெண்கள் வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆகிறது? 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தற்காலிகத் தொழிலாளி, தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி எல்லோருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவர் அதே தோட்டத்தில் வேலை செய்பவர் என்பதால் புகார் தோட்டத்தின் உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். பெண்தான் தலைவர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவே அமைக்கவில்லை என்றால் நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, அதைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு கொடுங்கள். மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு என்று தனியாக இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போவதும் அவள் உரிமை, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 74, 75 பிரிவுகள்.

"பேசி முடித்துவிடுங்கள்" என்றார்களே, அதைப் பற்றி. சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும்தான் குழு அதற்கு இடம் கொடுக்கலாம். பணம் கொடுத்து முடிக்கும் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

கட்சிக்குள் நடப்பதற்கு இந்தச் சட்டம் நேராக வராது. முதலாளி-தொழிலாளி உறவு இல்லாத அரசியல் கட்சிகள் உள்ளகக் குழு அமைக்க வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு நல்ல வேளையாக, அது தோட்டத்துக்குள் நடந்தது.

இன்னொன்று. புகார் கொடுப்பவரின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பதும் சட்டம். நீங்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் இதற்கு மேல் விவரம் போடாதீர்கள்.

குன்னூர் பழைய தோழர்:

நேற்றிலிருந்து தூக்கம் இல்லை. நீங்கள் பெஞ்ச் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளில் எங்கள் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் பிரிவில் ஒரு பெண். இதே மாதிரி ஒரு புகார். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. இப்போது வேண்டாம் என்று தீர்மானித்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வேலைநிறுத்தம் ஜெயித்தது. அந்தப் பெண் மேட்டுப்பாளையம் பக்கம் போய்விட்டார். அவர் விஷயத்தை நாங்கள் பிறகு எடுக்கவே இல்லை. நாற்பது வருஷமாக அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி மேடையில் பேசிவருகிறேன், அவரைப் பற்றி ஒரு தடவை பேசியதில்லை.

போகாதீர்கள் என்று சொன்னதை மாற்றவில்லை. ஆனால் உங்கள் கமிட்டிக்கு மேலே இருப்பவர்களுக்கு நான் கடிதம் எழுதுகிறேன், என் பெயர் போட்டு. உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி உங்களை இனிக் கேட்க மாட்டேன்.

பந்தலூர் தையல்காரி:

தோழர், எழுதுங்கள். நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பெண்ணோட பேர் அவருக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு" என்றார். கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். இங்கே எழுத வேண்டாம்.

வக்கீலம்மா, இரண்டு மாதமும் பதினொரு நாளும் ஆகிறது. தோட்ட ஆபீசில் குழுவின் பெயர்ப்பட்டியல் எதுவும் ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை. உங்கள் பதிலைப் படித்த அன்று இரவே அவளை வரச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். நான்கு பக்கம் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மகள் பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவளே கையெழுத்துப் போட்டாள், பெருவிரல் ரேகை இல்லை, கையெழுத்து.

யாருக்கு ஓட்டு என்று மகள் திரும்பக் கேட்கவில்லை. என்னிடமும் இன்னும் பதில் இல்லை. செங்கொடி ஊர்வலம் கடை வழியாகப் போனால் நான் எழுந்துதான் நிற்பேன், அதை மாற்ற முடியாது. சந்தாவைக் கொண்டுபோய்க் கொடுப்பேனா என்பது அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

கோத்தகிரித் தங்கச்சி, திங்கள்கிழமை மனு நாள். தோட்ட ஆபீசில் நாளைக்கே ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கிவிடுவோம். திங்கள் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் உதகை கலெக்டர் ஆபீசுக்கு வருகிறோம். கூடலூர் தாண்டி நடுவட்டம் ஏறி வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். முடிந்தால் நீயும் வா. அவளுக்கு அங்கே தெரிந்த முகம் யாரும் இல்லை. உன் நிலத்துப் பத்திரத்தின் நகலையும் எடுத்து வா, வரிசையில் நிற்கும்போது பார்க்கலாம்.